ட்ரெயிலரிலேயே பேயைக் காட்டிவிடாதீர்கள்

திருகோணமலையில் நாங்கள் எடுத்த ஒரு குறும்படத்துக்கு நான்தான் ட்ரெயிலர் கட் பண்ணினேன். மொத்தம் ஒன்றரை நிமிடம். அதற்குள் ஏழு இடத்தில் 'டமார்' என்று சத்தம் வைத்திருந்தேன். உப்புவெளியில் மாமி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த நேரம் போனில் போட்டுக் காட்டினேன். முதல் சத்தத்துக்குக் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். இரண்டாவதற்குத் தலையை மட்டும் நிமிர்த்தினார். நாலாவதிலிருந்து காயை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. முடிந்ததும், "சத்தம்தான் மகன் கூட. பயம் ஒண்டும் வரல்ல" என்றார்.

மாமி சொன்னது சரி. திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. திடீர்ச் சத்தத்துக்குத் தோள் தூக்கிப் போடுவது உடம்பு தானாகச் செய்யும் வேலை. அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு பழகிவிடும், துள்ளல் குறைந்துகொண்டே போகும். உளவியல் திகில் படத்தின் ட்ரெயிலர் செய்யவேண்டிய வேலை, பார்ப்பவரின் மனதில் பதில் இல்லாத ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போவது. திடுக்கிடும் இடம் ஒன்று போதும், அதுவும் ஆள் காத்திருந்து களைத்த பிறகு.

அந்தக் காத்திருப்பைத்தான் நம்மில் பலர் வெட்டி எறிகிறோம். ஷொட்களை அரை விநாடிக்கு ஒன்றாக அடுக்கினால் வேகம் வரும், ஆனால் பார்ப்பவர் சந்தேகப்பட நேரம் இருக்காது. ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' 1980இல் வந்தது. அதற்காக வெளியிட்ட ட்ரெயிலர் ஒன்றில் இருப்பது ஒரே ஒரு ஷொட். ஹோட்டல் கூடம், மூடிய லிப்ட் கதவுகள், அசையாத கமரா. பெயர்கள் கீழிருந்து மேலே ஊர்கின்றன, இசை இறுகிக்கொண்டே போகிறது, வேறு எதுவும் நடக்கவில்லை. அப்புறம் லிப்ட் கதவோரமாக இரத்தம் பெருக்கெடுத்துக் கூடம் முழுக்க நிரம்புகிறது. ஒரு வசனம் இல்லை, நடிகர் முகம் ஒன்று இல்லை. அது யாருடைய இரத்தம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

இதற்கு நேரெதிரான தவறு கதையை வரிசையாகச் சொல்லிவிடுவது. "இந்த வீட்டில் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்..." என்று ஒரு கிழவர் விளக்கம் கொடுக்க, அடுத்து கதவு திறக்க, அடுத்து வெள்ளைச் சேலை. அவ்வளவுதான், படமே முடிந்துவிட்டது. உருவத்தைக் காட்டிய அடுத்த கணமே பார்ப்பவர் அதை அளக்கத் தொடங்கிவிடுகிறார்: மேக்கப் எப்படி, ஆள் யார் என்று. கதவு லேசாகத் திறந்திருக்கட்டும். அதைப் பார்க்கும் பெண்ணின் முகத்தில் நில்லுங்கள், உள்ளே என்ன என்று காட்டாதீர்கள்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அதிகம் கோட்டைவிடுவது அங்கேதான். முதல் விநாடியிலிருந்தே அடிவயிற்றைக் கலக்கும் ஆழமான இரைச்சலை வைக்கிறார்கள். ஹெட்போனில் அருமையாக இருக்கும். ஆனால் நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் பஸ்ஸிலோ கடற்கரையிலோ போன் ஸ்பீக்கரில்தான் பார்க்கிறார்கள். 40 ஹேர்ட்ஸ் இரைச்சல் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அதன் மேல் நடுத்தர ஒலி ஒன்றும் வேண்டும்: மூச்சு, தகரத்தில் நகம் உரசுவது, துருப்பிடித்த கீல். 2018இல் வந்த 'ஹெரெடிட்டரி' ட்ரெயிலரில் ஒரு சிறுமி நாக்கைச் சொடுக்கும் சத்தம் வரும். எந்தப் போனிலும் கேட்கும், பார்த்த பிறகும் காதை விட்டுப் போகாது.

மௌனம் வைக்கும்போதும் ஒலியை முழுக்க அறுத்துவிடாதீர்கள். வீடியோ நின்றுவிட்டது என்று நினைத்துத் திரையைத் தட்டுவார்கள். படம் எடுத்த அதே அறையில் எல்லாரையும் பேசாமல் நிற்கவைத்து ஒரு நிமிடம் பதிவுசெய்து வைத்திருங்கள். ஃபேன் சுற்றுவது, தூரத்தில் அலை, ஒரு பல்லி. அந்த மெல்லிய ஒலியின் மேல் வரும் மௌனம்தான் ஆளை உற்றுக் கேட்க வைக்கும். அப்புறம், ஏறிக்கொண்டே போகும் இசை. உளவியலாளர் ரோஜர் ஷெப்பர்ட் 1964இல் விவரித்த ஒலி ஒன்று இருக்கிறது. ஒரே சுரத்தைப் பல ஸ்தாயிகளில் அடுக்கி எல்லாவற்றையும் மெல்ல உயர்த்துவார்கள். மேலே உள்ளது மங்கி மறைய, கீழே புதிதாக ஒன்று நுழையும். காதுக்கு ஏறிக்கொண்டே இருப்பது போலிருக்கும், ஆனால் எங்கும் போய்ச் சேராது. அதைப் போட்டுவிட்டுக் கடைசியில் பெரிய இடி ஒன்றால் முடிப்பவர்கள், சேர்த்து வைத்த பதற்றத்தைத் தாங்களே இறக்கிவிடுகிறார்கள்.

போனில் இருட்டான காட்சி கறுப்புத் திரையாகத்தான் தெரியும், ஏதாவது ஒரு மூலையில் வெளிச்சம் விடுங்கள்.

இரண்டு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். ஒன்று, மனநோயையே பேயாக்குவது. மாத்திரைப் போத்தலையும் ஆஸ்பத்திரிக் கட்டிலையும் காட்டிப் பயமுறுத்தினால், அந்த மாத்திரையை உண்மையிலேயே போடுகிறவரும் பார்க்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். மற்றது, உண்மை அலறல்கள். இந்த ஊர் ஷெல் சத்தம் கேட்ட ஊர். 2004 டிசம்பர் 26 கடல் உள்ளே வந்த ஊர். அலை இரைச்சலோடு கூட்டம் கத்தும் ஒலியை ட்ரெயிலரில் சேர்த்தால், முன்வரிசையில் இருப்பவருக்கு உங்கள் படம் அங்கேயே முடிந்துவிடும். அவர் அந்தக் காலைக்குத் திரும்பிப் போயிருப்பார்.

இரவல் பொருட்களும் வேண்டாம். பனிக்காடு, காகம், உடைந்த பொம்மை எல்லாம் வேறு ஊர்ப் பயங்கள். இங்கே இரவில் கோட்டைப் பக்கத்திலிருந்து புள்ளிமான்கள் தெருவுக்கு வருகின்றன. நாங்கள் ட்ரெயிலரைத் திரும்பச் செய்தபோது ஏழு சத்தத்தையும் எடுத்துவிட்டு ஒரு மானை வைத்தோம். ஆளில்லாத தெரு, ஒரு விளக்கு. வெளிச்சம் பட்டு மானின் கண் இரண்டும் பச்சையாக மின்னுகின்றன. பதினொரு விநாடி அது கமராவையே பார்த்து நிற்கிறது. பிறகு ஒரு காது மட்டும் பின்னால் திரும்புகிறது. மெதுவாகத் தலையும் திரும்புகிறது, நமக்குத் தெரியாத ஏதோ ஒன்றின் பக்கம். அங்கே கட், படத்தின் பெயர்.

மாமி போனைக் கையில் வாங்கி இரண்டாம் முறை போட்டுப் பார்த்தார். "அது என்னத்த மகன் பாக்குது?"