பழைய மாணவர் வழியில் மறித்தால்

சந்தையிலோ பஸ்ஸிலோ தாடி வைத்த ஒருவர் வந்து, "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று கேட்டால், தெரியாமல் தலையாட்டி விடாதீர்கள். அடுத்த கதையிலேயே பிடிபட்டுவிடும், அவர் முகமும் வாடிவிடும். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது இருப்பது வாவிக்கு இந்தப் பக்கம், கல்லடியில். யாராவது மறித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பெயருக்கு முதல் ஊரையும், சாதாரண தரப் பரீட்சை எழுதின வருஷத்தையும் கேளுங்கள். முனைக்காடா, மகிழடித்தீவா, அரசடித்தீவா என்று தெரிந்தாலே பாதி வகுப்பு கண்முன் வந்துவிடும். 2014 இல் வாவிக்கு மேலே மண்முனைப் பாலம் திறக்கும் முன் படித்தவர் என்றால், வாவியைக் கடக்கும் பாதை (மிதவைப் படகு) பிந்தி நாங்கள் மழையில் நனைந்து வந்து சேர்ந்த கதையை அவரே எடுப்பார். கதைக்க விடுங்கள். அதற்குள் பெயர் வந்துவிடும்.

கணித ஆசிரியர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு, எழுத வைப்பது. ஆரையம்பதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் முதலாளி பில் எழுதும்போது அவருடைய 4 ஐப் பார்த்தேன். மேல் வாய் மூடி, கால் நீண்டு, அப்படியே 9 போல. எத்தனை கொப்பியில் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன்! பெயர் தன்பாட்டில் வாயில் வந்தது. "நாலை இன்னும் திருத்தல்லியா மகன்?" என்றேன். கல்லாவை விட்டு எழும்பி ஓடி வந்துவிட்டான்.

"என்ன படிச்ச? என்ன வேலை?" என்று மட்டும் தொடங்காதீர்கள். 2007 இல் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். அந்தக் கேள்வி அவர்களைக் குறுக வைக்கும். அண்ணன், தங்கச்சி, அப்பா எப்படி என்பதும் அதே மாதிரித்தான். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் ஆட்களை இழக்காத வீடு இங்கே குறைவு. அவர் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்ட வேண்டாம். "இப்ப எங்க இருக்கிறீங்க?" என்றால் போதும், எவ்வளவு சொல்வது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

மனைவி பிள்ளைகளோடு நின்றால் "நீங்க" என்றே கதையுங்கள். வகுப்பில் அடி வாங்கின கதை அங்கே வேண்டாம். அவரிடம் நன்றாக இருந்த ஒன்றைப் பிள்ளைக்குக் கேட்கச் சொல்லுங்கள்: "உங்கட அப்பா கேத்திரகணிதத்தில சுத்தமாப் படம் கீறுவார்." உண்மையாக இருக்க வேண்டும், பொய்ப் புகழ்ச்சி அவருக்கே விளங்கும்.

கடைக்காரராக இருந்தால் காசு வாங்க மாட்டார். சாமானுக்குக் காசைக் கட்டாயம் கொடுங்கள், தேத்தண்ணியை மறுக்காதீர்கள். பிறகொரு நாள் தயிர் முட்டியோடு வீட்டுக்கு வந்தால் அதையும் மறுக்காதீர்கள்.

பழைய மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களை மறித்ததும் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் முதலில் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை ஆறுதலாகக் கதைக்கலாம்.