பழைய கணினியில் மின்னஞ்சல் இணையவில்லையா? கடவுச்சொல்லைத் தொடும் முன் தேதியைப் பாருங்கள்

ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் என்ற ஊரில் கருவாட்டு வியாபாரம் செய்யும் என் சித்தப்பாவின் கடையில், விண்டோஸ் 7 இயங்கும் மேசைக் கணினி ஒன்று உள்ளது. தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியில் அஞ்சல் இறங்கவில்லை என்று மூன்று நாள்களாகக் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி இட்டுப் பார்த்துக் களைத்த பிறகே அவர் என்னை அழைத்தார். திரையின் கீழ் மூலையில் ஆண்டு 2009 என்று இருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

நம் அஞ்சலை வாங்கி அனுப்பும் நிறுவனக் கணினியான மின்னஞ்சல் சர்வர், தான் போலி அல்ல என்று நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும். 2009இல் நிற்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்காத ஒன்றாகத் தோன்றுவதால், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் அது இணைப்பை மறுத்துவிடும். எனவே, முதலில் கடிகாரத்தைச் சொடுக்கித் தேதி, நேரம் இரண்டையும் திருத்துங்கள். நேர மண்டலம் இந்தியாவுக்குரிய யுடிசி +5:30 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மறுநாள் தேதி மீண்டும் பின்னுக்குப் போனால், கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். இரவில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடும் கடைகளில் கடிகாரம் ஓடுவது இந்த பேட்டரியால்தான். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பின், பழைய பேட்டரி எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கமாகப் புதியதை வையுங்கள். நம் கடற்கரைக் காற்றின் உப்பு உலோகத்தை அரிப்பதால், பேட்டரி அமரும் தகடுகளில் பச்சை படிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்து, வரும் பிழைச்செய்தியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சான்றிதழைக் குறை சொன்னால் தேதியையும், பதில் வராமல் காத்திருப்பு நேரம் கடந்துவிட்டதாகச் சொன்னால் இணையத்தையோ, சர்வரில் எந்த வாசல் வழியாக நுழைவது என்று காட்டும் போர்ட் எண்ணையோ, உள்நுழைவு தோல்வி என்றால் கடவுச்சொல்லையும் சந்தேகிக்க வேண்டும். உலாவியில் வேறு தளங்கள் திறந்தால் இணைய இணைப்பில் குறையில்லை.

ஜிமெயிலுக்கு, வரும் அஞ்சலின் சர்வர் பெயரை ஐமேப், ஜிமெயில், காம் என்று இடையில் புள்ளி வைத்து ஆங்கில எழுத்தில் (imap.gmail.com) இட வேண்டும். போர்ட் 993, இணைப்பை மறைகுறியாக்கும் பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். அனுப்பும் அஞ்சலுக்கு ஐமேப் இருந்த இடத்தில் எஸ்எம்டிபி (smtp) வரும். போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இந்த இணையை மாற்றிப் போட்டால் அஞ்சல் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பயனர் பெயராக முழு முகவரியையும் இட வேண்டும். அனுப்பும் சர்வருக்குத் தண்டர்பேர்டில் தனி அமைப்பு உண்டு என்பதால், அஞ்சல் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் அங்கே பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உள்நுழைவு தோற்றால்தான் கடவுச்சொல்லுக்கு வர வேண்டும். சாதாரண கடவுச்சொல்லை மட்டும் வைத்து வெளிச் செயலிகள் ஜிமெயிலுக்குள் நுழைவதை கூகுள் 2022 மே மாத இறுதியிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. தண்டர்பேர்டின் கணக்கு அமைப்பில் உள்நுழைவு முறையாக ஓஆத்2 (OAuth2) என்பதைத் தேர்ந்தெடுத்தால் கூகுளின் சாளரம் திறக்கும்; தண்டர்பேர்டில் தளங்கள் சேமிக்கும் சிறு தரவுகளான குக்கிகளைத் தடுத்து வைத்திருந்தால் அது முடிவடையாது. அதற்குப் பதிலாக, கூகுள் கணக்கில் இரு படிச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென 16 எழுத்துக் கடவுச்சொல்லைப் பெற்றும் பயன்படுத்தலாம்.

விண்டோஸ் 7இல் ஓடும் கடைசித் தண்டர்பேர்டு வரிசை 115 என்பதால், அதைவிடப் பழையது இருந்தால் அதுவரை உயர்த்திக்கொள்ளுங்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற பழைய அஞ்சல் செயலி வைத்திருப்பவர்கள் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்; இன்றைய சர்வர்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 அதற்குத் தெரியாது.

கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கச் சொல்லும் யோசனையை மட்டும் உடனே ஏற்காதீர்கள். பழைய கணினிகளில் பல, அஞ்சலைக் கணினிக்கு இறக்கிவிட்டுச் சர்வரிலிருந்து நீக்கிவிடக்கூடிய பாப் முறையில் அமைந்தவை. சர்வரில் நகல் இல்லாமல், பல ஆண்டு பில்கள் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். அஞ்சல்களும் அமைப்புகளும் இருக்கும் தண்டர்பேர்டின் புரொஃபைல் கோப்புறையை முதலில் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு, பிறகு எதையும் செய்யுங்கள்.