ஃப்ளாட்டே தீவுக்குப் போகிறீர்களா? கையில் ஒரு குச்சி இருக்கட்டும்

முதலில் எந்த ஃப்ளாட்டே என்று பாருங்கள். ஐஸ்லாந்தில் இந்தப் பெயருக்குத் ‘தட்டைத் தீவு’ என்றுதான் பொருள், அதனால் தட்டையாகக் கண்ணில் பட்டதற்கெல்லாம் இதையே வைத்துவிட்டார்கள். மேற்கே ப்ரெய்தாஃபியோர்துரில் இருக்கும் ஃப்ளாட்டேவுக்கு பால்டுர் ஃபெர்ரி போகிறது, அங்கே ஆட்களும் இருக்கிறார்கள். நான் சொல்வது வடக்கே ஸ்கியால்ஃபாண்டி விரிகுடாவில் இருக்கும், 1967இல் நிரந்தரக் குடிகள் வெளியேறிவிட்ட தீவு. 1942இல் அங்கே சுமார் 120 பேர் இருந்தார்கள். எதிர்க்கரைப் பள்ளத்தாக்கும் காலியாகிவிட்டது.

போவதற்கு ஹூசாவிக் ஊர்தான் வழி. அங்கே திமிங்கிலம் காட்டும் படகுக்காரர்களிடம், ‘ஃப்ளாட்டேவில் இறக்கிவிடுவீர்களா, சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவீர்களா, இறக்கினால் எவ்வளவு நேரம்’ என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். பஃபின் பறவை காட்டும் பயணம் என்று விற்பது பெரும்பாலும் லுண்டே என்ற வேறு குட்டித் தீவுக்கு, அதில் இறங்கவே முடியாது. பஃபின்கள் ஆகஸ்ட் நடுவில் கிளம்பிவிடும், ஆகவே ஜூன், ஜூலைதான் சரியான காலம்.

தீவின் பரப்பு இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மிக உயரமான இடமே 22 மீட்டர்தான். ஒதுங்க மேடு கிடையாது, எந்தப் பக்கம் அடித்தாலும் காற்று நேராக உங்கள் மேல்தான். ஜூலை என்று ஏமாறாமல் காற்றுப் புகாத ஜாக்கெட், குல்லா எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். கடை எதுவும் இல்லை, தண்ணீரும் சாப்பாடும் பையில் இருக்க வேண்டும். படகில் வயிற்றைப் புரட்டும் ஆள் என்றால் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பலனில்லை.

அப்புறம் அந்தக் குச்சி. அது ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைக்காக. ஐஸ்லாந்தில் இதற்கு ‘க்ரியா’ என்று பெயர், அது கத்துவதும் அப்படித்தான். கூட்டுப் பக்கம் கால் வைத்தால் தலைக்கு நேர் மேலே ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும், பிறகு செக்கச் சிவந்த அலகோடு சர்ரென்று இறங்கி உச்சந்தலையில் கொத்தும், ரத்தம்கூட வரும், சில சமயம் மேலேயே எச்சமும் போட்டுவிட்டுப் போகும். உயரமாக இருப்பதைத்தான் அது குறிவைக்கும். குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டால் குச்சியைக் கொத்திவிட்டுப் போய்விடும். வீசி விரட்ட வேண்டாம். அண்டார்க்டிகா வரை போய்த் திரும்பி வந்து முட்டையிட்டிருக்கிறது, அதன் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

பயந்து ஓடினால் இன்னொரு தப்பு நடக்கும்: புல்லுக்குள் கிடக்கும் முட்டையை மிதித்துவிடுவீர்கள். பஃபின் மண்ணில் வளை தோண்டித்தான் குஞ்சு பொரிக்கும், அந்த இடத்தில் நடந்தால் கூரை சரிந்துவிடும். பாதையை விட்டு விலகாதீர்கள்.

வீடுகளைப் பார்த்ததும் ‘பாழடைந்த ஊர்’ என்று உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். இன்னமும் அவற்றுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், கோடையில் வந்து தங்குகிறார்கள். சன்னலில் முகத்தை ஒட்டினால் உள்ளே ஒருவர் காபி குடித்துக்கொண்டு உங்களையே பார்க்கலாம்.

ஹூசாவிக்கில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று மாறினால் படகை ரத்து செய்துவிடுவார்கள், மறுநாள் காலையில்தான் அடுத்த வாய்ப்பு.