பட்டி வேலைக்குப் பதில் நாய்ப் பழக்கம்: கொறங்காட்டில் பேசி முடிக்கும் முறை

ஆடு ஓட்ட நாயைப் பழக்கித் தரும் பள்ளிக்கூடம் எதுவும் மூலனூர், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் (கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களில்) தேடினால் கிடைக்காது. ஆனால் ஒரு சத்தத்துக்கு நாய் நின்று, மறு சத்தத்துக்கு ஆடுகளைத் திருப்பிக் கொண்டுவரும் பட்டிகள் உண்டு. அந்தப் பட்டிக்காரருக்குக் காசைவிட ஆள்தான் பஞ்சம். அதனால் பேச்சை இப்படித் தொடங்கலாம்: "ஏனுங்க, வாரத்துல ரெண்டு நாள் காலைல பட்டி வேலைக்கு வர்றனுங்க. கூலி வேண்டாமுங்க, நாயை எப்படிப் பழக்கறதுன்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா போதுமுங்க."

எந்த வேலையை ஏற்கிறோம் என்பதில்தான் பாதிப் பாடம் இருக்கிறது. தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கினால் கூலிக்கணக்கு நேராகும், நாய்க்கணக்கு நேராகாது. ஆட்டோடு நிற்கும் வேலையாகக் கேளுங்கள்: படல் (ஆட்டை அடைக்கும் தட்டி) மாற்றிக் கட்டுவது, குடற்புழு மருந்து ஊற்ற ஆட்டைப் பிடித்துக் கொடுப்பது, குளம்பு சீவுவது, தொட்டி கழுவித் தண்ணீர் நிரப்புவது. கிளுவை வேலியில் சந்து விழுந்த இடத்தை முள் வைத்து அடைப்பதும் நல்ல வேலை. ஆடு எந்த மூலையை நோக்கி ஓடும் என்று அங்கேதான் தெரியும். இந்தப் பக்கத்துச் செம்மறி இனமான மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி இல்லை என்பதால் மயிர் கத்தரிக்கும் வேலை இருக்காது.

காலை 7 முதல் 11 வரை அரைநேர வேலைக்கு, 15 நிமிடப் பழக்கம் இரண்டு என்று பேசிக்கொள்ளலாம். முதல் பழக்கம் வந்தவுடன், வெயில் ஏறுவதற்குள். இரண்டாவது சாயங்காலம் 5 மணிக்கு மேல். முதல் நான்கு வாரம் பார்த்துவிட்டு, பிறகு நீட்டிக்கலாம். வந்த நாளும் நடந்த பழக்கமும் ஒரு நோட்டில் இருவர் கையெழுத்தோடு இருக்கட்டும். நாய் கடித்து ஆட்டுக்குக் காயமானால் வைத்தியச் செலவும், செத்தால் சந்தை விலையும் நாய்க்காரர் பொறுப்பு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். ஆடு குட்டி போடும் பருவத்தில் பழக்கம் வேண்டாம். தாய் ஆடு நாயை முட்ட வரும், சினை ஆடு மிரண்டு ஓடினால் கரு கலையலாம்.

போவதற்கு முன் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம்: மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டெல் கலந்த மாத்திரை மருத்துவர் சொல்லும் அளவில். இதை லேசாக எடுக்க வேண்டாம். நாயின் சாணத்தில் வெளியேறும் புழு முட்டை மேய்ச்சல் வழியாக ஆட்டுக்குள் போய் மூளையில் நீர்க்கட்டியாக வளரும். அந்த ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சாகும். செத்த ஆட்டுத் தலையையும் குடலையும் பச்சையாக நாய்க்குப் போட்டால் இந்தச் சுழல் அறுபடாது.

நாய் எட்டு மாதம் தாண்டியிருக்க வேண்டும். சிப்பிப்பாறை வேட்டை நாய். ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக்குணம், இந்த வேலைக்கு இழுக்காதீர்கள். பட்டியிலேயே பிறந்து ஆட்டோடு வளர்ந்த நாட்டு நாய்க்குட்டி நல்லது. பார்டர் கோலி இந்த வேலைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம்தான். ஆனால் குளிர்நாட்டு அடர்ரோமம் சித்திரை வெயிலைத் தாங்காது.

படல்களை இருபது மீட்டர் அகல வட்டமாகக் கட்டி, நாயைக் கண்டு பழகிய ஐந்தாறு வளர்ந்த ஆடுகளை விடுங்கள். கிடா வேண்டாம். நாய்க்குப் பத்து மீட்டர் கயிறு. நீங்கள் ஆடுகளின் ஒரு பக்கம் நின்று நாயைச் சுற்ற விடுங்கள். அது உங்களுக்கு நேர் எதிரே போனதும் "நில்லு". பிறகு நீங்கள் மெல்லப் பின்னால் நடந்தால், நாய்க்கு ஒதுங்கும் ஆடுகள் உங்களிடம் வரும். நாய்க்குப் புரிய வேண்டிய அடிப்படை இது ஒன்றுதான். கடிகாரச் சுற்றுக்கு "வலம்" என்றால் எதிர்ச்சுற்றுக்கு "மாறு" என்று வையுங்கள். "வலம்", "இடம்" இரண்டும் நாய்க் காதில் ஒன்றுபோலவே விழும்.

வாலைப் பாருங்கள். தாழ்ந்திருந்தால் வேலையில் இருக்கிறது. மேலே தூக்கினால் விளையாட்டாகிவிட்டது, உடனே கயிற்றைப் பிடியுங்கள். ஆடு முன்னங்காலைத் தரையில் அடித்தால் நாய் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது என்று பொருள். இரண்டு மீட்டர் பின்னுக்கு இழுங்கள். அந்த நேரத்தில் கத்தினால் நாய் இன்னும் சூடேறிப் பாயும். கம்பளி ஆட்டில் பல் பெரும்பாலும் ரோமத்தில் பதியும், மேச்சேரியில் நேரே தோலில் பதியும். அந்தப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். கடித்த இடத்தை அன்றே கழுவி மருந்து போடுங்கள்.

தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்று போட்ட ஊர்கள் இவை. பக்கத்துக் காட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி நாயைக் காட்டிவிடுங்கள். கழுத்துப்பட்டை இல்லாமல் கூட்டிப் போக வேண்டாம், இரவில் அவிழ்த்து விடவும் வேண்டாம். பழகிய நாயும் தெருநாய்க் கூட்டத்தோடு சேர்ந்தால் துரத்தத் தொடங்கும்.

நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பத்து ஆடுகளைக் கயிறில்லாமல் கடவுக்கு (பட்டி வாசலுக்கு) கொண்டுவந்து, படலைத் திறக்கும்வரை நாய் படுத்திருந்தால் கணக்கை முடித்துக்கொள்ளலாம். அப்போது நோட்டில் பட்டிக்காரருக்கு வேலை பாக்கி இருந்தால், அடுத்த தடுப்பூசி நாளில் ஆடு பிடிக்கப் போய்த் தீர்த்துவிடுங்கள்.