போதையில் ஒரு பிரபலம் இறந்தால்: பேச்சிலும் வீட்டிலும் நாம் செய்யும் தவறுகள்

செய்தி வந்த அரை மணி நேரத்துக்குள் மூன்று வகைப் பேச்சு கிளம்பிவிடும். "காசு கொழுத்துப் போச்சு, ஆட்டம் போட்டான், போயிட்டான்" என்பது ஒன்று. "கூட இருந்தவங்க கெடுத்துட்டாங்க" என்பது இன்னொன்று. "மேதைங்க எல்லாம் இப்படித்தான் சீக்கிரம் போவாங்க" என்பது மூன்றாவது. இறந்தவர் காதில் எதுவும் விழப்போவதில்லை. ஆனால் அதே வாட்ஸ்அப் குழுவில், பல மாதங்களாகக் குடிக்காமல் சமாளித்துக்கொண்டிருக்கும் சித்தப்பா ஒருவர் இருப்பார். வலி மாத்திரையைப் பழக்கமாக்கிக்கொண்ட கல்லூரிப் பையன் ஒருவன் இருப்பான். தங்கள் விஷயம் வெளியே தெரிந்தால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பதை அவர்கள் அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அறிக்கை வருமுன் காரணம் சொல்வது

பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2011 ஜூலை 23 அன்று லண்டனில் 27 வயதில் இறந்தார். ஹெராயின் அல்லது கொக்கெய்ன்தான் என்று ஊரே முடிவு கட்டியது. ஆனால் சட்டவிரோதப் போதைப்பொருள் எதுவும் அவர் உடலில் இல்லை. குடியைத் திடீரென்று நிறுத்தியதால் வலிப்பு வந்திருக்கலாம் என்று குடும்பத்தார் நினைத்தார்கள், அதுவும் இல்லை. அக்டோபர் விசாரணையில்தான் விஷயம் தெரிந்தது: 100 மில்லி ரத்தத்தில் 416 மில்லிகிராம் ஆல்கஹால். இங்கிலாந்தில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 80. அவரைக் கொன்றது கடையில் சட்டப்படி விற்கும் வோட்கா.

பாடகர் லியாம் பெய்ன் 2024 அக்டோபர் 16 அன்று பியூனஸ் அயர்ஸில் ஹோட்டலின் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து விழுந்து இறந்தார். சில நாட்களிலேயே 'பிங்க் கொக்கெய்ன்' (பெரும்பாலும் கொக்கெய்னே இல்லாத ஒரு கலவைப் பொடி) என்ற பெயர் உலகம் சுற்றியது. நவம்பர் 7 அன்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொன்ன பட்டியலில் இருந்தவை ஆல்கஹால், கொக்கெய்ன், மருத்துவர் எழுதித் தரும் ஒரு மனச்சோர்வு மருந்து. அந்த அறிவிப்பை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்?

பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு வாரக்கணக்கில் ஆவதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் செய்யும் மேலோட்டமான சோதனை எல்லாவற்றையும் பிடிக்காது. மார்ஃபின் வகையைத் தேடும் சாதாரணச் சோதனையில், ஆய்வகத்தில் தயாரிக்கும் வீரியமான வலி மருந்தான ஃபென்டனில் தப்பிவிடும். அதனால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே உறுதிசெய்ய வேண்டும். இறந்த பிறகு உறுப்புகளில் தேங்கிய மருந்து ரத்தத்துக்குக் கசிவதால், இதயத்திலிருந்து எடுத்த ரத்தம் பொய்யான அளவைக் காட்டலாம். ஆகவே தொடை ரத்தநாளத்திலிருந்தும் மாதிரி எடுத்து ஒப்பிடுவார்கள். நடிகர் மேத்யூ பெரி விஷயத்தில் 2023 அக்டோபர் 28 முதல் டிசம்பர் 15 வரை, ஏழு வாரம் பிடித்தது. அதுவரை "இறந்துவிட்டார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். போலீஸ் "சந்தேகிக்கிறோம்" என்று சொன்னால், பகிரும்போது அந்தச் சொல்லைத் தின்றுவிடக் கூடாது.

பட்டியலில் ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொள்வது

உயிரைப் பறிக்கக்கூடிய தவறு இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பெரியின் அறிக்கையில் முதன்மைக் காரணம் கெட்டமின் என்ற மயக்க மருந்து. கூடவே நீரில் மூழ்கியது, இதய ரத்தக்குழாய் நோய், புப்ரெனார்ஃபின் ஆகியவையும் துணைக் காரணங்களாக இருந்தன. இதிலிருந்து இரண்டு வதந்திகள் பிறந்தன. முதலாவது, "மனச்சோர்வுக்கு கிளினிக்கில் ஏற்றிய கெட்டமின்தான் கொன்றது" என்பது. அவர் கடைசியாகச் சிகிச்சைக்காக ஏற்றிக்கொண்டது ஒன்றரை வாரத்துக்கு முன்பு. கெட்டமின் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உடலில் பாதியாகக் குறையும் மருந்து. அந்தச் சிகிச்சையின் மிச்சம் அன்றைய ரத்தத்தில் இருக்க வழியே இல்லை என்று அறிக்கையே சொல்கிறது. ரத்தத்தில் இருந்த அளவு, அறுவைசிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது இருக்கும் அளவை ஒத்தது. கள்ளத்தனமாக வாங்கிய மருந்தை வீட்டில், மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் போட்டுக்கொண்டு, சூடான நீர்த்தொட்டியில் தனியாக இருந்திருக்கிறார். இந்த வழக்கில் 2024 ஆகஸ்டில் ஐந்து பேர் மீது குற்றச்சாட்டு அறிவிக்கப்பட்டது. ஐவரும் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது வதந்தி இன்னும் மோசம்: "போதை மீட்பு மாத்திரையே ஆளைக் கொல்லும்." புப்ரெனார்ஃபின் என்பது ஹெராயின், மார்ஃபின் வகை வலி மாத்திரை போன்ற ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கு நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கக் கொடுப்பது. இந்தியாவிலும் அரசு மையங்களில் தருகிறார்கள். மற்ற மயக்க மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து, உண்மை. ஆனால் சிகிச்சையில் இருப்பவர் செய்தியைப் பார்த்துப் பயந்து அதைச் சட்டென்று நிறுத்தினால், பழைய பொருளுக்கே திரும்பும் வாய்ப்பும் சாகும் வாய்ப்பும் ஏறிவிடும். "நீயும் அதைத்தானே சாப்பிடுறே, நிறுத்து" என்று அக்கறையாகச் சொல்லும் அத்தைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நடிகர் ஹீத் லெட்ஜரை, பேட்மேன் படத்தில் அவர் போட்ட ஜோக்கர் வேடம் கொன்றது என்ற கதை 2008 முதல் சாகாமல் இருக்கிறது. நியூயார்க் மருத்துவப் பரிசோதகரின் அறிக்கையில் இருந்தவை ஆறு மருந்துகள். ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் என்ற இரண்டு வலி மருந்துகள். டையஸிபாம், டெமாஸிபாம், அல்பிரஸோலாம் என்ற மூன்று பதற்ற, தூக்க மருந்துகள். டாக்ஸிலமின் என்ற, ஒவ்வாமை மருந்து வகையைச் சேர்ந்த தூக்க மருந்து. அவற்றின் கூட்டு விளைவால் நேர்ந்த விபத்து என்பதே முடிவு. மூச்சு விடச் சொல்லி மூளை அனுப்பும் உத்தரவை வலி மருந்து ஒரு பக்கம் மந்தமாக்கும், தூக்க மருந்து இன்னொரு பக்கம் மந்தமாக்கும். வேடத்தின் மேல் பழியைப் போட்டால், நம் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லாமல் போகிறது. தமிழ்நாட்டில் போலீஸ் அடிக்கடி பிடிக்கும் டாபென்டடால், நைட்ரஸிபாம் இரண்டும் இதே ஜோடிதான்: ஒன்று வலிக்கு, ஒன்று தூக்கத்துக்கு. அதன்மேல் மதுவும் சேர்ந்தால் மூன்றாவது பாரம்.

"மாத்திரைதானே" என்பதும் நம்பக்கூடிய வாதமல்ல. 2016இல் பாடகர் பிரின்ஸ் விழுங்கியது வலி மாத்திரை போலவே அச்சடித்த போலி. உள்ளே இருந்தது ஃபென்டனில்.

"இத்தனை வருஷம் விட்டவரே செத்துட்டார், அப்புறம் சிகிச்சை எதுக்கு?"

நடிகர் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் 22 வயதில் போதையை விட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடாமல் இருந்தவர். மறுபடி விழுந்து, 2013இல் சுமார் பத்து நாள் மையத்தில் இருந்துவிட்டு வந்தார். 2014 பிப்ரவரி 2 அன்று 46 வயதில் இறந்தார். இதைப் பார்த்து "சிகிச்சை வீண்" என்பவர்கள் அந்தப் பத்து நாளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு வாரம், பத்து நாள் என்பது உடம்பிலிருந்து பொருளை இறக்குவதற்கே சரியாக இருக்கும். ஆலோசனை, தேவைப்பட்டால் மருந்து, மாதக்கணக்கில் தொடர் சந்திப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகின்றன.

விட்டிருந்த காலம் ஆபத்தைக் கூட்டுவதற்கு உடல்ரீதியான காரணம் உண்டு. தினமும் எடுப்பவரின் உடம்பு பெரிய அளவையும் தாங்கப் பழகியிருக்கும். சில வாரம் நிறுத்தினாலே அந்தத் தாங்குதிறன் இறங்கிவிடும். ஆசை மட்டும் பழைய அளவை நினைவில் வைத்திருக்கும். நடிகர் கோரி மான்டீத் 2013 ஏப்ரலில் சிகிச்சை முடித்து வெளியே வந்தார். ஜூலையில் வான்கூவரில் ஹெராயினும் மதுவும் சேர்ந்து 31 வயதில் இறந்தார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களை ஆராய்ந்த 2007 ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் போதை மிகையால் சாகும் ஆபத்து மற்ற மக்களைவிட 129 மடங்கு என்று கண்டார்கள். மையத்திலிருந்து ஆள் வீடு திரும்பியதும் "அப்பாடா" என்று விட்டுவிடுவது தவறு. அந்த மாதம்தான் கூடவே இருக்க வேண்டிய மாதம்.

உயிர் தப்பியவர் விஷயமும் இப்படித்தான். பிரின்ஸின் விமானம் ஏப்ரல் 15 அன்று அவசரமாக இலினாய்ஸில் இறங்க, ஓபியாய்டை முறிக்கும் நலோக்ஸோன் மருந்தைக் கொடுத்து அவரை மீட்டார்கள். ஆறு நாளில் இறந்தார். ஒருமுறை தப்பியதைக் கண்டம் கழிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்தது வரும் என்று வைத்தே வேலை பார்க்க வேண்டும்.

யாரையாவது பிடித்துக் குற்றவாளி ஆக்குவது

பெரும்பாலும் ஒரு பெண் மாட்டுவார். ராப் பாடகர் மேக் மில்லர் 2018இல் இறந்ததும், அவரைப் பிரிந்திருந்த காதலி, பாடகி அரியானா கிராண்டேயின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வசை குவிந்து, பின்னூட்டங்களையே அவர் மூட வேண்டியதாயிற்று. விசாரணையில் தெரிந்தது ஃபென்டனில் கலந்த போலி மாத்திரை. விற்றவர்கள் சிறைக்குப் போனார்கள். ஹாஃப்மன் இறந்தபோது ஒரு வார இதழ் அவருடைய நண்பரின் பேட்டி என்று ஒன்றைப் போட்டது. பேசியவர் அந்த நண்பரே இல்லை. உண்மையான நண்பர் வழக்குப் போட, இதழ் மன்னிப்புக் கேட்டது; கிடைத்த தொகையில் நாடக ஆசிரியர்களுக்கு விருது தரும் அறக்கட்டளை ஒன்றை அவர் தொடங்கினார். இந்தக் கதைகளிலேயே உருப்படியாக முடிந்தது இது ஒன்றுதான்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: உடல், ஊசி, பொடி எதையும் பகிர வேண்டாம். எடுத்த அளவையும் பொட்டலத்தின் முத்திரைப் பெயரையும்கூடத்தான். ஹாஃப்மன் வீட்டில் கிடைத்த பொட்டலங்களில் குத்தியிருந்த முத்திரைப் பெயர்களைப் பத்திரிகைகள் அச்சிட்டன. பழக்கத்தில் இருப்பவர் அதைப் படித்து, "அப்படியானால் அது வீரியமான சரக்கு" என்று தேடிப்போகும் அபாயம் உண்டு. புகழ்பெற்ற இசைக்கலைஞர்கள் 27 வயதில்தான் அதிகம் இறக்கிறார்கள் என்னும் '27 வயதுக் கூட்டம்' என்ற கதையையும் விட்டுவிடலாம். இசைக்கலைஞர்கள் 1,046 பேரை வைத்து 2011இல் வெளியான ஆய்வில் அந்த வயதில் தனி ஏற்றம் எதுவும் தெரியவில்லை.

அன்றைக்கே வீட்டில் கெடு விதிப்பது

செய்தியைக் காட்டி "பாத்தியா, இன்னையிலிருந்து தொடக்கூடாது" என்று தினமும் அதிகமாகக் குடிப்பவரிடம் சத்தியம் வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். கயிறு கட்டுவது, மாலை போடுவது எல்லாம் நல்ல எண்ணம்தான். ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கும் என்ற நிலையில் உள்ளவர் ஒரே நாளில் நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகச் சொல்வது, இடம் பொருள் தெரியாமல் உளறுவது, காய்ச்சல், வியர்வை வந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. "சாமி வந்திருக்கு" என்று உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இப்படிப்பட்டவர் முதலில் மருத்துவரைப் பார்த்து, தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் எடுத்துக்கொண்டு நிறுத்தட்டும். மாலையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச மத்திய அரசு எண்ணில் கேட்கலாம்.

குறட்டை என்று விட்டுவிடுவது

லெட்ஜர் இறந்த நாளில், மதியம் ஒரு மணி வாக்கில் பல்பு மாற்ற உள்ளே போன பணிப்பெண் அவர் குறட்டை விட்டுத் தூங்குவதைப் பார்த்ததாக நியூயார்க் போலீஸ் சொன்னது. மூன்று மணிக்குள் மூச்சில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எவருக்கும் அது தூக்கமாகத்தான் தெரியும்.

கொரகொரவென்று தொண்டையில் நீர் கட்டியது போன்ற குறட்டை, ஐந்து ஆறு விநாடிக்கு ஒருமுறைதான் மூச்சு, உதடும் நகமும் நீலம், கண்மணி குண்டூசித் தலை அளவு, நெஞ்செலும்பை முட்டியால் அழுத்தித் தேய்த்தும் விழிக்கவில்லை: இவற்றில் எது தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள், இலங்கையில் 1990. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடித்து, வாந்தி வெளியே வழியும்படி முகத்தைச் சற்றுத் தரைப்பக்கம் திருப்புங்கள். மூச்சு நின்றிருந்தால் தொலைபேசியில் இருப்பவர் சொல்வதுபோல் நெஞ்சை அழுத்துங்கள். உப்புத் தண்ணீர், மோர், காபி எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். தலையில் தண்ணீர் கொட்டி நடக்கவைப்பதும் வேண்டாம். என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லி, மாத்திரை அட்டையைக் கையோடு கொடுங்கள். ஓபியாய்டு என்றால் நலோக்ஸோன் வேலை செய்யும். மது, தூக்க மாத்திரை, கெட்டமினுக்கு அது மருந்தல்ல. நலோக்ஸோனின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் அடங்கி, மறுபடி மூச்சு குறையலாம். "முழிச்சுட்டான், கூட்டிட்டுப் போறோம்" என்று அவசரப்பட்டுக் கிளம்பக் கூடாது.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில்தான் பலர் அழைப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, போதைப் பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம்.