கைமாறி வரும் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரைச் சோதிப்பது எப்படி?

ஒவ்வொரு முறை சுடும் முன்பும் ஹேமரை (பின்புறச் சுத்தியலை) கையால் இழுத்துவிட வேண்டிய ரிவால்வர்தான் சிங்கிள் ஆக்‌ஷன். இந்தியாவில் தனியாருக்கான கைத்துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவில் நின்றுபோனது. அதனால் மதுரைப் பக்கம் விற்பனைக்கு வரும் வெளிநாட்டு ரிவால்வர்கள் பெரும்பாலும் பல கை மாறியவைதான். அமெரிக்க நிறுவனமான கோல்ட் (Colt) செய்தது என்றால் 1940-க்கு முந்தைய முதல் தலைமுறையே உசத்தி என்பார்கள். 1956 முதல் 1974 வரை வந்த இரண்டாம் தலைமுறை அதற்குச் சளைத்ததில்லை. 1976-ல் தொடங்கிய மூன்றாம் தலைமுறைதான் ஒன்று போல் ஒன்று இருக்காது. அதை ஆண்டை வைத்து எடை போட முடியாது, கையில் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணும் ரிவால்வரின் பிரேமில் (உடல் சட்டத்தில்) உள்ள எண்ணும் ஒத்துப்போனால், உரிமம் பெற்ற கடையில் வைத்தே சோதியுங்கள். ஹேமரை இரண்டாவது கிளிக் வரை இழுத்து, தோட்டா போடும் சின்னக் கதவான கேட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் ஆறு அறையும் காலியா என்று சிலிண்டரைச் சுற்றிப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் டைமிங், அதாவது ஹேமரும் சிலிண்டரும் சேர்ந்து இயங்கும் கணக்கு. சிலிண்டரில் ஒரு விரலை லேசாக அழுத்தியபடி ஹேமரை மெதுவாக இழுங்கள். நான்கு கிளிக் கேட்க வேண்டும். நான்காவது விழும் அதே நொடியில் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் இருந்தால், அதைத் தள்ளிச் சுற்றும் ‘ஹேண்ட்’ என்ற உள்பாகம் தேய்ந்துவிட்டது. முன்னதாகவே பூட்டி, ஹேமர் கடைசியில் இறுகினால் ஹேண்ட் நீளம். ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று பிசகுவது உண்டு.

சிலிண்டரைச் சுற்றி வளையமாகக் கோடு விழுந்திருந்தால் உடனே தொழிற்சாலையைத் திட்ட வேண்டாம். ஹேமரை முழுக்க இழுக்காமல் பாதியிலிருந்தே இறக்கும் பழக்கத்தாலும் அந்தக் கோடு விழும். ரூகர் (Ruger) என்ற இன்னொரு நிறுவனத்தின் 1973-க்குப் பிந்தைய நியூ மாடலில் அமைப்பே வேறு. கேட்டைத் திறந்தாலே சிலிண்டர் சுற்றும், நான்கு கிளிக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

அடுத்து இடைவெளி. டூவீலர் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடுகள்) போதும். சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்து, பேரலுக்கும் அதற்கும் இடையே அளவெடுங்கள். 0.10 முதல் 0.20 மி.மீ. நல்லது. 0.25-ஐத் தாண்டினால் விலையைக் குறைத்துப் பேசலாம். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடினால் அதன் நடுவில் அச்சு நுழையும் சின்னக் குழலான புஷிங்கைப் பாருங்கள். கோல்ட் மூன்றாம் தலைமுறையின் தொடக்க காலத்தில் அதைக் கழற்ற முடியாதபடி செய்தார்கள், ரிப்பேர் சிரமம்.

பின்னாலிருந்து பார்த்தால் முன்சைட் (பேரல் நுனியில் உள்ள குறிமுனை) நேராக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் பேரலை முடுக்கியது சரியில்லை, குண்டு பக்கவாட்டில் விலகும். பேரலை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், கோல்ட்டில் இரண்டாம் தலைமுறை பேரல் மூன்றாவதில் ஏறாது: பேரலைத் திருகிப் பொருத்தும் மரை அங்குலத்துக்கு 20-லிருந்து 24 ஆகிவிட்டது.

.22 தோட்டா போடும் ரிவால்வர் என்றால் அறை விளிம்பை லென்ஸில் பாருங்கள். காலியாக டிரிக்கர் அழுத்தி விளையாடியிருந்தால் ஃபயரிங் பின் குத்திய பள்ளம் தெரியும். காலித் தோட்டா சிக்கிக்கொள்ளும்.

கடைசியாகத் துரு. தேர்தல்தோறும் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது பலர் தோல் உறையோடே கொடுத்துவிடுகிறார்கள். தோல் ஈரத்தை இழுத்து, உறை தொட்ட இடமெல்லாம் புள்ளிப் புள்ளியாக அரித்திருக்கும். கிரிப் பலகையைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள். தேங்காய் எண்ணெய் போட்டுப் பிசினாகிப் போயிருந்தால் பயமில்லை, மண்ணெண்ணெயில் கழுவித் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். ஆனால் பேரலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் மரைக்கோடுகள் மேல் பள்ளம் விழுந்திருந்தால் வாங்காதீர்கள்.