ரேபிஸ்: கடிபட்டவுடன் செய்ய வேண்டியவையும் ஊர் கூடிச் செய்ய வேண்டியவையும்

வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸின் அறிகுறிகள் தோன்றிய பிறகு உயிர் பிழைத்தவர்கள் மிக மிகச் சிலரே. ஆனால் கடிபட்ட நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் 2 அல்லது 3 மாதங்கள் கழிகின்றன. அரிதாக ஒரு வாரத்திலேயே நோய் வெளிப்படுவதும் உண்டு. வைரஸ் நரம்புகளின் வழியாக மூளையை நோக்கி நகரும் இந்தக் காலத்தில் மட்டுமே நம்மால் அதைத் தடுக்க முடியும்.

எனவே, நாயோ பூனையோ வேறு பாலூட்டியோ கடித்தாலும், நகத்தால் கீறினாலும், ஏற்கெனவே உள்ள புண்ணை நக்கினாலும், அந்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் முழுமையாக 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். எளிமையாகத் தோன்றுவதாலேயே பலர் தவறவிடும் இந்தச் செயல், காயத்தில் உள்ள வைரஸைப் பெருமளவு குறைத்துவிடும். பொடி, பச்சிலை, எண்ணெய் எதையும் பூசக்கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் குறித்துத் தரும் நாள்களில் எல்லாத் தவணைகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால், காயத்திலேயே செலுத்தப்படும் இம்யூனோகுளோபுலின் என்ற, வைரஸை உடனே எதிர்க்கும் புரத மருந்தும் தேவை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தயங்க வேண்டியதில்லை. கடித்த நாயையோ பூனையையோ 10 நாள்கள் கண்காணிப்பது நல்லதுதான். ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

மனிதர்களிடம் முதலில் காய்ச்சலும், ஆறிப்போன காயத்தில் எரிச்சலோ குறுகுறுப்போ வலியோ தோன்றும். பின்னர் அமைதியின்மையும் குழப்பமும் வரும். தாகம் இருந்தும் நீரை விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் இறுகும். நாளடைவில் நீரைக் கண்டாலோ முகத்தில் காற்றுப் பட்டாலோகூட அந்த இறுக்கம் வரும். நோயுற்றவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு அமைதியின்மையும் இறுக்கமும் பெரிதாகத் தெரியாமல், கடிபட்ட இடத்திலிருந்து பக்கவாதம் மெல்லப் பரவுவதால், நோய் பல நேரங்களில் அடையாளம் காணப்படாமலே போய்விடுகிறது.

நாய்களிடமும் வெறி மட்டுமே அடையாளமன்று. சாதுவான நாய் சீறுவதும், மிரளும் நாய் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்வதும், குரல் மாறுவதும், தாடை தொங்கி எச்சில் வழிவதும் எச்சரிக்கைகளே. தொண்டையில் எலும்பு சிக்கியிருப்பதாக எண்ணி அதன் வாய்க்குள் கைவிடுவது பேராபத்து.

மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாய்களால் பரவுவதால், ஒரு பகுதியிலுள்ள நாய்களில் குறைந்தது 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி போட்டு, அந்த அளவு குறையாமல் பார்த்துக்கொண்டால் பரவும் சங்கிலி அறுந்துவிடும். குட்டிகளும் தெருநாய்களும் விடுபடாதபடி கணக்கெடுத்து, ஊசி போட்டவற்றுக்கு அடையாளமிட்டு, ஆண்டுதோறும் முகாம் நடத்துவது ஊராரின் பொறுப்பு. நாய்களைக் கொல்வது பயன் தராது. ஊசி போட்ட நாய்களும் அதில் அழிந்து, அவற்றின் இடத்தைப் பாதுகாப்பற்ற புதிய நாய்களே நிரப்பும்.

ரேபிஸால் இறப்போரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்டவர்கள். உண்ணும், உறங்கும், குட்டிக்குப் பாலூட்டும் நாயை நெருங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே, சிறு கீறல் பட்டாலும் உடனே வந்து சொல்ல வேண்டும், அதற்காக யாரும் திட்டமாட்டார்கள் என்றும் வீட்டிலும் பள்ளியிலும் உறுதியளிக்க வேண்டும்.